ஹைபிரிட் என்ற பெயருக்குத் தனிக் காசா?

கீழமாசி வீதியில் பருப்பும் புளியும் கொள்முதல் செய்து வில்லாபுரம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், தெற்குவாசல் பாலத்தில் எத்தனை முறை பிரேக் பிடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நின்று நின்று கிளம்புவதில்தான் நம் பெட்ரோல் வீணாகிறது. ஆகவே புது வண்டி வாங்கப் போகிறவர், ‘வேரியேட்டர்’, ‘ஹைபிரிட்’ என்று ஷோரூமில் சொல்வதை விவரம் தெரிந்து கேட்பது நல்லது.

வேரியேட்டர் புதிதல்ல. 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டாவிலேயே இருந்தது. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு பெல்ட். எஞ்சின் வேகம் கூடக் கூட முன் புல்லி நெருங்கி, பெல்ட் மேலேறி, கியர் தானாக மாறுவது போல் ஆகிறது. ஓட்டச் சுகம்தான். ஆனால் பிரேக்கில் வீணாகும் சக்தியை அது திருப்பித் தராது. பாரம் ஏற்றினால் பெல்ட் சூடேறித் தேயும். ஒரு ஆயுத பூஜை வாரத்தில் என் ஸ்கூட்டர் பெல்ட் பாலத்து ஏற்றத்திலேயே அறுந்து, பொரிகடலை மூட்டையோடு தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் இரண்டு மூட்டையோடு சாவகாசமாகப் போனார். அதில் வேரியேட்டர் கிடையாது. ஒரே கியர், செயின்.

ஹைபிரிட் வேறு ரகம். 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் காரில் எஞ்சினோடு மின் மோட்டார்களும் உண்டு. பிரேக் பிடிக்கையில் மோட்டாரே டைனமோவாகி பேட்டரியை நிரப்பும். நெரிசலில் எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் இழுக்கும்.

இரண்டையும் ஒப்பிட நல்ல உதாரணம் இன்னோவா ஹைகிராஸ். ஒரே வண்டி, வேரியேட்டருடனும் கிடைக்கிறது, ஹைபிரிட்டாகவும் கிடைக்கிறது. கம்பெனி கணக்கில் லிட்டருக்கு முன்னது 16.13 கி.மீ., பின்னது 23.24 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.9 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய், விலை வித்தியாசம் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வாடகைக்கு ஓட்டுகிறவர் ஓட்டிவிடுவார். மளிகைக் கடைக்காரர் எந்தக் காலத்தில் ஓட்டுவது?

ஸ்கூட்டரிலும் இப்போது அந்தப் பெயர் வந்துவிட்டது. 2021-ல் வந்த யமஹா பாசினோ ஹைபிரிட்டில் மோட்டார் கிளம்பும்போது சில விநாடி கை கொடுக்கும், அவ்வளவே. மற்றபடி அதே வேரியேட்டர், அதே பெல்ட். மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டாது. நல்ல ஸ்கூட்டர்தான், ஆனால் பிரியஸின் தம்பி என்று நினைத்து வாங்கக்கூடாது.

எஞ்சின் அணைந்திருக்கும்போது மோட்டார் தனியாக வண்டியை இழுக்குமா என்று விற்பனையாளரைக் கேளுங்கள். இழுக்காது என்றால், அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பெல்ட்டும் ரோலர் செட்டும் வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளலாம்.