மைக் யார் கையில்?

எங்கள் சமயநல்லூரில் ஒரு பையன் இருக்கிறான். அம்மன் கோயில் திருவிழாவில் அவன் பாட ஆரம்பித்தால் வடை சுடுகிறவர் கூடக் கரண்டியை நிறுத்திவிடுவார். போன வருஷம் அவனைச் சென்னைக்கு ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு அழைத்தார்கள். ஊரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்தது. இரண்டு நிமிஷம் பாடினான். பத்து நிமிஷம் அழ வைக்கப்பட்டான். நிகழ்ச்சியை நடத்திய வாலிபர் தகப்பனாரின் கடனைப் பற்றிக் கேட்டார். தாயாரின் வியாதியைப் பற்றிக் கேட்டார். சரணத்தில் சுருதி விலகியதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பாவம், அது அவருக்குத் தெரிந்தால்தானே?

தொலைக்காட்சியின் பிறவிக் குணமே இதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். 1993-ல் தோன்றிய சன் டி.வி.யில் 'சப்தஸ்வரங்கள்' நடத்தியவர் ஏ. வி. ரமணன். மனைவி உமா ரமணனோடு 'மியூசியானோ' மெல்லிசைக் குழுவை மேடை மேடையாக நடத்தியவர், தாமே பாடகர். 1996-ல் ஈ டி.வி.யில் தெலுங்கில் 'பாடுதா தீயகா' தொடங்கிய எஸ். பி. பாலசுப்ரமணியமும் இளமையில் இசைக் குழு நடத்தியவர்தாம். இளையராஜா அதில் வாசித்திருக்கிறார். போட்டியாளர் தடுமாறிய இடத்தைப் பாலு தாமே பாடிக் காட்டுவார். சறுக்கி விழுந்த பிள்ளைக்குக் கை கொடுப்பது என்றால் அதுவல்லவா!

"இன்றைக்கும் பாடகர்கள் நடுவர் நாற்காலியில் இருக்கிறார்களே?" என்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் மைக் யார் கையில்? பாடகர்களெல்லாம் தர்மராஜாக்கள் என்று நான் வாதாட வரவில்லை. தொண்டை கட்டிய நிலையில் சபை முன் நின்று தவித்தவனுக்கு, அப்படி நிற்கும் இன்னொருவனின் தவிப்பு புரியும். அதை வேடிக்கைப் பொருளாக்க மனம் கூசும். அந்தக் கூச்சம்தான் நமக்கு வேண்டும்.

"விளம்பரதாரர் கண்ணீரைத்தான் கேட்கிறார், ஐயா!" என்று ஒரு சமாதானம் உண்டு. விளம்பரதாரரின் ரசனைக்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் 1956-ல் நாட் கிங் கோல் என்ற கறுப்பினப் பாடகர் என்.பி.சி. தொலைக்காட்சியில் தம் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார். அருமையான குரல், பியானோவிலும் மேதை. பெரிய பெரிய பாடகர்கள் வந்து அவரோடு பாடினார்கள். ஆனால் தேசம் முழுவதற்கும் செலவை ஏற்க ஒரு விளம்பரதாரர் கூட முன்வரவில்லை. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றது. குறை பாட்டிலா இருந்தது? பணம் போடுகிறவனின் கோழைத்தனத்தை ஜனங்களின் ரசனை என்று பெயர் சூட்டுவது பழைய தந்திரம்.

இந்த வருஷத் திருவிழாவில் அந்தப் பையனைப் பாடக் கூப்பிட்டேன். "வேணாம் மாமா. டி.வி.யில அழுத பயதானேம்பாங்க" என்றான்.

வடைக் கரண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் இழந்த அந்த ஒரு குரலுக்கு எந்த விளம்பரதாரர் ஈடு கட்டுவார்?