பதினைந்து வயதில் ஒரு தீர்ப்பு

'படிப்பு வராத பிள்ளைக்குக் கைத்தொழில்.' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. படிப்பு வராது என்று முடிவு செய்வது யார், அந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்காதவரை.

சீனாவில் அந்த முடிவை எடுப்பது ஜோங்காவ் என்னும் தேர்வு. ஒன்பதாம் வகுப்பின் இறுதியில், பதினைந்து வயதில் எழுதுவது. மதிப்பெண் எடுத்தவர்கள் பொது மேல்நிலைப் பள்ளிக்கும் அங்கிருந்து பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் போகிறார்கள். மற்றவர்களுக்குத் தொழிற்பள்ளி. இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது நீண்டகாலம் அரசு வகுத்திருந்த அளவு. எல்லோரும் நன்றாகப் படித்தாலும் ஒரு பெரும்பகுதி தோற்றாக வேண்டும் என்பதே இதன் பொருள். பிறகு அந்தத் தோல்விக்குச் சோம்பல் என்றும் மந்தபுத்தி என்றும் பெயர் வைக்கிறார்கள்.

தொழிலே இழிவானது என்பதால் வந்த அவமானமா இது? இல்லை. 1980களில் இடைநிலைத் தொழில்நுட்பப் பள்ளிகளில் இடம்பெற நல்ல மாணவர்கள் போட்டியிட்டார்கள். படித்து முடித்தால் அரசே வேலை ஒதுக்கியது. 1990களில் அந்த ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கான தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உத்தரவாதம் போனதும் மரியாதையும் போனது.

நான்ஜிங் நகரத் தொழிற்பள்ளிகளில் ஆய்வு செய்த மானுடவியலாளர் வொரோனோவின் 'கிளாஸ் வொர்க்' நூல் 2015இல் வெளிவந்தது. இந்தப் பள்ளிகள் புதியதொரு நகர்ப்புற வர்க்கத்தை உருவாக்குகின்றன என்கிறார் அவர்: சேவைத் துறையின் அடிமட்டத்தில் வேலைக்கு வேலை மாறிக்கொண்டே இருக்கும் வர்க்கம். புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகள் பலருக்கோ தேர்வில் தோற்கும் வாய்ப்புகூட இருக்கவில்லை. ஹுகோ என்னும் குடிப்பதிவு ஊரில் இருப்பதால் ஷாங்காயில் பொது மேல்நிலைப் பள்ளி அவர்களுக்கு மூடியே இருந்தது. 2008இல் கதவு திறந்தபோதும் திறந்தது தொழிற்பள்ளியின் கதவுதான்.

இந்தக் கதவுக்குள் பெண்ணுக்கு இன்னொரு கதவு. இயந்திரமும் வாகனப் பழுதும் பையன்களுக்கு. மழலையர் கல்வி, செவிலியம், செயலர் பணி, அதிவேக ரயிலின் பணிப்பெண் வேலை பெண்களுக்கு. ரயில் பணிப்பெண் படிப்புக்கு உயரமும் முகமும் தகுதியாகப் பார்க்கப்படுகின்றன. நிற்கும் விதமும் சிரிக்கும் விதமும் பாடமாகின்றன. குடும்பம் கூலியில்லாமல் வாங்கிய வேலையைச் சந்தை குறைந்த கூலிக்கு வாங்குகிறது. நடுவில் ஒரு சான்றிதழ்.

ஒற்றைக் குழந்தைக் கொள்கையால் நகரத்து மகள்கள் முன்னேறினார்கள் என்று சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. பங்குக்குத் தம்பி இல்லாததால் பெற்றோரின் பணமும் கனவும் மகளுக்கே வந்தன. ஆனால் அந்தக் கனவுக்கு ஒரே வழி தேர்வு. அதில் சறுக்கிய ஒரே மகளின் தலையில் மொத்தக் குடும்பத்தின் ஏமாற்றமும் இறங்குகிறது. வென்ற மகள்களை மட்டும் எண்ணிப் பெண் விடுதலைக்குக் கணக்கு எழுதுவது மேட்டுக்குடிக் கணக்கு.

கடைசி ஆண்டில் 'பயிற்சி'. மாணவர்களை மிகைநேர வேலை வாங்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. 2017இல் ஜெங்ஜோவின் ஃபாக்ஸ்கான் ஆலையில் மாணவர்கள் பதினோரு மணி நேரம் ஐபோன் எக்ஸ் பூட்டினார்கள். செய்தி வெளியானதும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. படிப்பை முடிக்க இந்த அனுபவம் கட்டாயம் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக மாணவர்கள் கூறினார்கள். மறுக்க முடியாத உழைப்புக்குக் கல்வி என்று பெயர். அதே நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண்கள்தான் 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானபோது, நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள்.

2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் சம முக்கியத்துவம் உடையவை என்கிறது. சமம் என்றால் சம்பளத்தில் காட்டட்டும். பதினைந்து வயதில் மூடிய பாதையை இருபதிலும் முப்பதிலும் திறந்து காட்டட்டும். பெண்ணின் உயரத்தை அளக்கும் கோலை முதலில் தூக்கி எறியட்டும். அதுவரை 'உழைப்பின் கண்ணியம்' என்பது, பிறர் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்களின் சொல்.