சின்னக் கோரிக்கையும் தோற்கும்

கர்னல் டிரைவர் எழுதுகிறவர்களிடையே வெகுகாலமாக ஒரு பேச்சு உலவுகிறது: "லினக்ஸ் கர்னலில் கொஞ்சமாக மெமரி கேட்டால் இல்லை என்று வராது. பிறகு எதற்கு மெமரி கேட்கும் ஒவ்வொரு கே-மேலாக்குக்குக் கீழேயும் நாலு வரிச் சோதனை?" ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் நம் பகுதியிலிருந்து கருவி மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்த்தால் நிற்காது.

முதல் வாதம்: "சின்ன ஒதுக்கீடு தோற்காது." இதில் பாதிதான் உண்மை. ஜிஎஃப்பி கர்னல் என்ற கொடியோடு எட்டுப் பக்கங்கள் வரை, அதாவது 4 கேபி பக்கம் உள்ள கணினியில் 32 கேபி வரை கேட்டால், அலோகேட்டர் எளிதில் கைவிரிக்காது. இருக்கும் பக்கங்களைத் திரட்டும், முடியாவிட்டால் ஓஓஎம் கில்லரை ஏவி ஏதாவதொரு புராசஸைக் கொல்லும், மறுபடி முயலும். இது வழக்கம்தானே தவிர உத்தரவாதம் அல்ல. இன்டர்ரப்ட் ஹேண்ட்லருக்குள் காத்திருக்க வழியில்லை. அங்கே ஜிஎஃப்பி அட்டாமிக் கொடியோடுதான் கேட்க வேண்டும். அது எவ்வளவு சிறிய கோரிக்கைக்கும் வெறுங்கையை விரிக்கலாம்.

தோற்காமல் இருப்பதே வினையாவதும் உண்டு. 2014 டிசம்பரில் ஜப்பானிய நிரலாளர் டெட்சுவோ ஹண்டா இதைக் கர்னல் உலகின் முன் வைத்தார். ஒரு புராசஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு மெமரிக்காகச் சுற்றிச் சுற்றி முயல்கிறது. ஓஓஎம் கில்லர் கொல்லத் தேர்ந்த புராசஸோ அதே லாக்குக்காகக் காத்திருக்கிறது, சாகவும் முடியவில்லை. இரண்டும் நகராது, கணினி உறைந்துவிடும். உண்மையிலேயே தோற்கக் கூடாத இடம் என்றால் அதற்கென்றே ஜிஎஃப்பி நோஃபெயில் என்ற கொடி இருக்கிறது. அதை வெளிப்படையாக எழுதுங்கள். அலோகேட்டரின் பிடிவாதத்தை நம்பாதீர்கள்.

இரண்டாவது வாதம்: "மெமரி மலிந்துவிட்டது." மொத்தம் எவ்வளவு காலி என்பது ஒரு கணக்கு, அது சேர்ந்தாற்போல் கிடக்கிறதா என்பது வேறு கணக்கு. துறைமுக யார்டில் ஐம்பது இடம் காலியாக இருந்தாலும் நாற்பதடி கன்டெய்னருக்கு ஒட்டினாற்போல் இரண்டு இருபதடி இடம் வேண்டும். கர்னல் பல நாள் ஓடினால் பக்கங்களும் இப்படிச் சிதறும். பெரிய தொடர் ஒதுக்கீடு தோற்கும். பெரிய அளவுக்குத் தொடர் பக்கங்கள் தேவையில்லை என்றால் கேவி-மேலாக் உண்டு. அது சிதறிய பக்கங்களையும் இணைத்துத் தரும். அதையும் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது வாதம்: "தோல்விப் பாதை ஓடுவதே இல்லை. ஓடாத நிரலில் பிழை ஒளிந்திருக்கும், நீக்கிவிடுவதே மேல்." ஒளிந்திருப்பது உண்மை. அதற்கு மருந்து நீக்குவதல்ல, ஓட வைப்பது. 2007இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே கர்னலில் செயற்கைத் தோல்வி வசதி இருக்கிறது. அதில் ஒன்றான ஃபெயில்ஸ்லாபை இயக்கினால் மெமரி நிறைய இருக்கும்போதும் ஒதுக்கீடு வேண்டுமென்றே தோற்கும். கூகுளின் சிஸ்காலர் கருவியும் இந்த வசதியைப் பயன்படுத்தியே கர்னல் பிழைகளை வெளிக்கொண்டுவருகிறது.

நான்காவது வாதம்: "சோதனை வரிகள் நிரலை அசிங்கமாக்குகின்றன." இந்தப் புகாரில்தான் கொஞ்சம் சாரம் உண்டு, ஆனால் குறை எழுதும் விதத்தில் இருக்கிறது. ஒரு டிரைவரின் புரோப் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பஃபர், அடுத்து வொர்க்க்யூ, கடைசியில் இன்டர்ரப்ட் பதிவு. மூன்றாவது தோற்றால் வொர்க்க்யூவை அழித்து, பிறகு பஃபரை விடுவிக்க வேண்டும். இரண்டாவது தோற்றால் பஃபரை மட்டும். ஒவ்வொரு இஃப்புக்குள்ளும் இதைத் திரும்பத் திரும்ப எழுதினால் ஒன்று விடுபடும், மெமரி கசியும். அதனால்தான் கர்னலின் நிரல்நடைக் கையேடே இந்த இடத்தில் கோட்டு (goto) கட்டளையை ஏற்கிறது. ஃபங்ஷனின் அடியில் எதிர்வரிசையில் படிகள்; எர் ஒன்று, எர் இரண்டு என்று எண் போடாமல், அந்தப் படி எதை விடுவிக்கிறதோ அதையே சொல்லும் லேபிள். 2023இல் வந்த 6.5 பதிப்பு முதல், ஸ்கோப் முடிந்ததும் தானே விடுவிக்கும் மேக்ரோக்களும் கிடைக்கின்றன.

'மெமரி இல்லை' என்று நீங்களே பிரிண்ட் செய்ய வேண்டியதும் இல்லை. ஒதுக்கீடு தோற்றால் பொதுவாக அலோகேட்டரே ஸ்டாக் விவரத்தோடு எழுதிவிடும். செக்பேட்ச் கருவியும் அந்தக் கூடுதல் வரியைச் சுட்டிக்காட்டும். மெமரி இல்லை என்று குறிக்கும் மைனஸ் ஈநோமெம் பிழைக்குறியைத் திருப்பினால் போதும். 2021இல் ரஸ்ட் மொழி கர்னல் வாசலில் நின்றபோது லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கறாராக வலியுறுத்தியதும் இதைத்தான்: ஒதுக்கீடு தோற்றதற்காகக் கர்னல் பேனிக் ஆகக் கூடாது, பிழை அழைத்தவருக்குத் திரும்ப வேண்டும்.

கடைசி வாதம்: "பிழையை விழுங்கி, வெற்றி என்று பொருள்படும் சைஃபரைத் திருப்பினால்தான் என்ன, எப்படியோ ஓடும்." இதற்குப் பதில் எண்ணூரிலேயே இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் துறைமுகம் அறிவித்தது. பிறகு எர்ணாவூர்க் கரையில் பாறையிடுக்குகளில் கெட்டியாக ஒதுங்கிய எண்ணெய்க் கசடை ஆட்கள் வாளியால் அள்ள வேண்டியிருந்தது. தோற்ற இடத்திலேயே தோல்வி என்று சொல்லாவிட்டால் சுத்தம் செய்யும் வேலை தொலைவில் இருப்பவர் தலையில் விழும். கர்னலிலும் அதே கதைதான். வெறும் பாயின்டர் எங்கோ வேறொரு ஃபங்ஷனில் வெடிக்கும். அதன் மூலத்தைத் தேடி யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ஆகவே, சோதனை வரிகளை நீக்கச் சொல்கிறவரிடம் வாதாட வேண்டாம். அடுத்த பேட்சை அனுப்பும் முன் ஃபெயில்ஸ்லாபைப் போட்டு உங்கள் டிரைவரை ஒருமுறை ஓட்டுங்கள். எந்த வரி வீண், எந்த வரி தேவை என்பதை அதுவே காட்டிவிடும்.