கொட்டாத குளவி

குளவி என்றதும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன தோழர்களின் நினைவுதான் வரும். ஆனால் ஆளைக் கொட்டாத ஒரு சிறு குளவியும் நம் மலைகளில் உண்டு. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை ஒழிக்க 1935-36இல் அதை ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். புழுவின் உடலில் அது முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். புழு அடங்கியது.

பின்னர், கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். குளவியும் செத்தது, புழு மறுபடி பெருகியது.

மருந்தைக் கூட்டினால் கொழுந்து கூடிவிடாது. டாங்கி சுமப்பவரின் நெஞ்சுக்குள்ளும் அந்த நஞ்சு போகிறது. அடிப்பது என்ன மருந்து, எதற்கு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முகமூடி, கையுறை தர வேண்டும். மருந்தடித்த மலைக்கு, குறித்த நாள் கழியுமுன் கொழுந்தெடுக்க அனுப்பக்கூடாது. கொழும்புப் பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வைப்போம். தோட்டக் கமிட்டிகளில் இன்றே கேளுங்கள், தோழர்களே!