கூடாரத்துக்கு நாமும் கை கொடுப்போம்

நீண்ட விடுமுறையில் காரில் போய்க் கூடாரம் அடிக்கலாமா என்று அப்பா கேட்டால், நம்மில் பலர் ‘அசைன்மென்ட் இருக்கிறது’ என்று நழுவிவிடுகிறோம். சிறு பிள்ளைகளுடன் நெடுந்தூரப் பயணம் சிரமம்தான். அந்தச் சிரமம் முழுவதும் பெற்றோர் தலையில் விழுவதால்தான் பல குடும்பங்கள் இதைக் கைவிடுகின்றன.

கடந்த ஆண்டு, கெரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாகக் கிளந்தான் கடற்கரைக்குப் போனோம். இருட்டிய பின் சாலையில் யானைகள் நடமாடுவதுண்டு. அதனால் பகலிலேயே கடந்தோம். பாதித் தூரம் அப்பாவுக்குப் பதில் நான் ஓட்டினேன். யானை எச்சரிக்கைப் பலகைகளை எண்ணத் தொடங்கிய ஏழு வயதுத் தம்பி கைப்பேசியைக் கேட்கவே இல்லை. கூடாரத்துக்கு முளை அடித்ததும் அவன்தான்.

கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் பருவமழை. அதற்கு முன்பே திட்டமிடுங்கள். தம்பி தங்கைகள் வேகமாக வளர்ந்துவிடுவார்கள். பாதி வேலையை நாம் ஏற்றுக்கொண்டால், அப்பாவும் அம்மாவும் துணிந்து கிளம்புவார்கள்.