பீரோவில் உறங்கும் கடிகாரம்

சென்ற பௌர்ணமியன்று திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் நமது பழைய மாணவர் ஒருவர் நம்மைக் கண்டு நமஸ்கரித்து, ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே, காலஞ்சென்ற அவர் தகப்பனாரின் ஹெச்.எம்.டி. ஆட்டோமாடிக் கைக்கடிகாரம். காக்களூர்த் தொழிற்பேட்டையில் எண்ணெயும் இரும்புத் தூளுமாக வேலை செய்பவர். அங்கே கட்டிக்கொண்டு போக மனம் வராமல் பீரோவில் வைத்திருந்தாராம்.

"இரண்டு வருஷமாயிற்று ஸார். நேற்று ராத்திரி எடுத்துத் தேதியைத் திருப்பினேன். நறுக்கென்றது. இப்போது தேதி நகரவில்லை" என்றார். குரல் தழுதழுத்தது.

இவ்வகைக் கடிகாரத்தினுள் அரைவட்டமான பளுத்தகடு ஒன்று உண்டு. கை அசையுந்தோறும் அது சுழன்று வில்லை முறுக்கும். கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். நிற்பதனால் ஒரு தீங்குமில்லை. இதற்காகவே ஓயாமல் சுழற்றும் மின்சாரப் பெட்டிகள் விற்கிறார்கள். பணம் மிஞ்சியவர்கள் வாங்கட்டும்!

தீங்கு செய்வன ஈரமும் காந்தமும். மழைக்காலத்தில் தோல்வார் பூஞ்சணம் பிடிக்கும்; ஆகவே வாரைக் கழற்றித் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டப்பியில் இடுவது உசிதம். ஒலிபெருக்கி, கைப்பேசி முதலியவற்றின் அருகே வேண்டாம். மாதமிருமுறை ஒரு நாள் கட்டிக்கொண்டால் நன்று. உள்ளிருக்கும் எண்ணெயோ, கட்டினாலும் கட்டாவிட்டாலும் வருஷங்களில் பிசுக்காகும். நாலைந்து வருஷத்துக்கொரு முறை கழுவி எண்ணெயிடல் அவசியம்.

நம் மாணவர் பிழைத்தது வேறிடத்தில். முட்கள் இரவு 9 மணிக்கும் 3 மணிக்கும் இடையே நிற்கையில், தேதிச் சக்கரத்தின் பற்கள் கவ்விக்கொண்டிருக்கும். அச்சமயம் தேதியை வலிந்து திருப்பினால் பல் முறியக்கூடும். நின்ற கடிகாரம் பகலில் நின்றதா, இரவில் நின்றதா என்று பார்த்தால் தெரியாது. ஆதலால் முதலில் முள்ளை முன்னோக்கித் திருப்ப வேண்டும்; தேதி மாறும் இடமே நள்ளிரவு. இன்னும் ஆறு மணி நகர்த்தி, அதன் பிறகே தேதியைத் தொடவேண்டும்.

ஜப்பானிய ஸிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. நம் தேசத்துக் கடிகாரமென்று எத்தனை குடும்பங்கள் பெருமையாகக் கட்டின! 2016-ல் மத்திய சர்க்கார் அந்தக் கம்பெனியை மூடத் தீர்மானித்தது. இனிப் பழைய கடிகாரமொன்றைப் பிரித்துத்தான் அந்தப் பல்லை எடுக்கவேண்டும்.

திருவள்ளூரில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அனுப்பினோம். எண்ணெயிட்டு ஓடவைத்திருக்கிறார், உருப்படி அகப்பட்டால் சொல்வதாகக் கூறினாராம். மாணவர் இப்போது ஞாயிறுதோறும் அதைக் கட்டிக்கொள்கிறார். மணி சரியாகக் காட்டுகிறது. தேதி மட்டும் 17.