பழகும் செலவு யார் தலையில்?

நூற்பாலையில் புதிதாகச் சேரும் தொழிலாளி ரிங் பிரேமைத் தன் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டா வருகிறான்? இல்லை. யந்திரம் முதலாளியுடையது, பழகுவதும் அந்த யந்திரத்தில்தான். அப்ரண்டிஸாக எடுத்தால் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று 1961-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தில் ஆயிரம் ஓட்டைகள் இருக்கட்டும். பழகும் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்ற நியாயமாவது அதில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் தொழிலிலோ அந்த நியாயம் தலைகீழாக நிற்கிறது! “யந்திரத்தை நீயே வாங்கு, டேட்டாபேஸ் மென்பொருளை வீட்டிலேயே நிறுவு, நீயே பழகு, பரீட்சைக் கட்டணத்தையும் நீயே கட்டு, சர்ட்டிபிகேட்டோடு வா, அப்புறம் பார்க்கலாம்!” இதுதான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உத்தரவு.

டேட்டாபேஸ் என்றால் மாயமந்திரம் அல்ல. மில் வருகைப் பதிவேடு, பிராவிடண்ட் பண்டுக் கணக்கு, ரேஷன் கார்டுப் பட்டியல் இவற்றையெல்லாம் அடுக்கி வைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். விவரங்களை அட்டவணைகளாக வைக்கும் முறையை 1970-ல் எட்கர் காட் என்ற ஆராய்ச்சியாளர் கட்டுரையாக வெளியிட்டார். உலகமே அதைப் படித்தது. 1977-ல் லாரி எல்லிசனும் இரு கூட்டாளிகளும் கம்பெனி தொடங்கினார்கள். 1979-ல் ‘ஆரக்கிள்’ சந்தைக்கு வந்தது. எல்லிசன் இன்று உலக மகா கோடீஸ்வரர்களில் ஒருவர்!

படிப்பதற்கு இந்த ஆரக்கிளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இலவசப் பதிப்பில் 12 கிகாபைட் விவரத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2 கிகாபைட் நினைவகத்துக்கு மேல் பயன்படாது. பெரிய பதிப்பான 19சி-யை நிறுவலாமென்றால், விண்டோஸ் 10-ல் புரொபஷனல், என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளைத்தான் அதன் கையேடு ஏற்கிறது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரோடு வரும் ‘ஹோம்’ வகைக்கு அங்கே இடமில்லை. வீட்டிலே படி, ஆனால் வீட்டு வகை ஆகாது! எப்படி இருக்கிறது கூத்து?

மென்பொருள் இலவசம், பரீட்சை இலவசமல்ல. 9ஐ, 10ஜி, 11ஜி, 12சி என்று பதிப்பு மாறும்போதெல்லாம் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பிக்க மறுபடி பரீட்சை, மறுபடி கட்டணம். தறி மாறினால் நெசவாளியிடம் கட்டணம் கேட்பதுண்டா?

சர்ட்டிபிகேட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்கிற இடத்தில் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கம்மலை அடகு வைத்துப் பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பர்க்கிலி சர்வகலாசாலையில் 1986-ல், சர்க்கார் பணமும் சேர்ந்து தொடங்கிய வேலையிலிருந்து பிறந்தது ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’. முழு மென்பொருளும் இலவசம். அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். எஸ்.க்யூ.எல். என்ற கேள்வி மொழியை இதில் பழகிய பிள்ளைக்கு ஆரக்கிளில் பெரும்பகுதி புதிதல்ல. முதலில் இதில் கை பழகட்டும், பரீட்சை பிறகு.

அதோடு நில்லாமல் கேட்போம்: ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் நூலகத்திலும் பிள்ளைகள் பழகக் கம்ப்யூட்டர் வேண்டும்! சர்ட்டிபிகேட் கேட்கிற முதலாளி பரீட்சைக் கட்டணத்தைக் கொடுக்கட்டும்! திறமையால் வரும் லாபம் அவனுக்கு. திறமைக்கு ஆகும் கடன் நமக்கா?